லேசர் துப்பாக்கியை ரிப்பேர் செய்வது யார்? கற்பனை உலக ஆர்.பி.ஜி.களில் மந்திரமில்லாத தொழில்நுட்பம்

கற்பனை உலகத்துக்குள் லேசர் துப்பாக்கி வரலாமா கூடாதா என்ற சண்டை டேபிள்டாப் ஆர்.பி.ஜி. விளையாட்டுகளில் ரொம்பப் பழசு. ஒரு கட்சி, "வாளும் மந்திரமும் இருக்கிற இடத்துல ரோபோ வந்து நின்னா அந்த மணமே போயிடும்" என்கிறது. இன்னொரு கட்சி, "டிராகன் பறக்கலாம், ரோபோ நடக்கக் கூடாதா?" என்கிறது. இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்விதான்: உள்ளே விடலாமா, வேண்டாமா?

கேள்வியே சரியில்லை என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் பெரும்பாலான செட்டிங்குகள் தொழில்நுட்பத்தை ஏற்கனவே உள்ளே விட்டுத்தான் இருக்கின்றன. எந்த நிலையில் விட்டிருக்கின்றன என்பதைத்தான் பார்க்கணும். முக்கால்வாசி இடத்தில் பிணமாக விட்டிருக்கிறார்கள். விழுந்து நொறுங்கிய விண்கப்பல், செத்துப்போன நாகரிகம், பாதி சார்ஜ் மிச்சமிருக்கும் ஒரு துப்பாக்கி. செய்தவர் இல்லை, பழுது பார்க்கிறவர் இல்லை, கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. அப்படி ஒரு பொருளை "மந்திரமில்லாதது" என்று எந்தக் கணக்கில் சொல்கிறோம்?

இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, சந்தேகமான இடத்தில் பகடை உருட்டி, ஒரு கதையை நடத்திக்கொண்டு போவார்கள். அந்த உலகத்தைக் கையில் வைத்து நடத்துகிறவர் ஜி.எம். அந்த உலகத்துக்குப் பெயர் செட்டிங். இதில் ஆதி விளையாட்டு 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். இனி டி அண்ட் டி என்றே எழுதுகிறேன்.

தூய்மை என்று ஒன்று இருந்ததே இல்லை

முதலில் "மணம் போயிடும்" கட்சிக்கு ஒரு தகவல். டி அண்ட் டியை உருவாக்கிய இருவரில் ஒருவர் டேவ் ஆர்னெசன். அவருடைய பிளாக்மூர் துணைநூல் 1975இல் வந்தது. அதில் 'டெம்பிள் ஆஃப் த ஃப்ராக்' என்று ஒரு சாகசம் இருக்கிறது. இந்த வகை விளையாட்டுக்கு அச்சில் வந்த முதல் சாகசம் என்று அதைத்தான் சொல்வார்கள். அந்தக் கோயிலின் தலைமைப் பூசாரி வேற்று உலகத்திலிருந்து வந்தவர். அவர் கையில் இருக்கும் கவசமும் தகவல்தொடர்புக் கருவியும் மந்திரப் பொருட்கள் கிடையாது, இயந்திரங்கள். அதாவது முதல் சாகசத்திலேயே வேற்றுக் கிரகத்து ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அதே 1975இல் எம்.ஏ.ஆர். பார்க்கரின் 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' வந்தது. அதன் உலகமான டெக்குமெல், மனிதர்கள் விண்வெளியில் போய்க் குடியேறிய ஒரு கிரகம். பிறகு அது நட்சத்திரங்களே இல்லாத ஒரு தனி வெளிக்குள் அறுந்து விழுந்துவிடுகிறது. அடுத்து இன்னொரு ஸ்தாபகரான கேரி கைகாக்ஸ். அவர் 1976இல் ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காக நடத்திய சாகசம் 1980இல் 'எக்ஸ்பெடிஷன் டு த பேரியர் பீக்ஸ்' என்று அச்சாகியது. மலைக்குள் சொருகிக் கிடக்கும் விண்கப்பல்தான் அதன் களம்.

ஆக, ரோபோ பின்னாளில் வந்து கெடுத்துவிட்டது என்ற வாதம் நிற்காது. இன்னொரு பக்கமும் பாருங்கள். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் கடைப்பட்டியலில் முழு உடல் இரும்புக் கவசம் 1,500 பொற்காசு, ரேப்பியர் வாள் 25 பொற்காசு, தொலைநோக்கி 1,000 பொற்காசு. நம் உலகத்தில் முழு உடல் கவசம் நிறைவு பெற்றது 15ஆம் நூற்றாண்டில். ரேப்பியர் 16ஆம் நூற்றாண்டு. தொலைநோக்கி 1608இல் நெதர்லாந்தில் தலைகாட்டியது. ஐரோப்பாவில் பீரங்கியின் ஆரம்பகாலப் படம் ஒன்று இருக்கும் கையெழுத்துப் பிரதியின் காலம் 1326. இந்த மூன்றுக்கும் முன்னால் வந்தது வெடிமருந்து. ஆனால் 2014இல் வந்த பொதுக் கடைப்பட்டியலில் அதற்கு மட்டும் இடம் இருக்கவில்லை.

செட்டிங்குகள் இதற்குச் சொல்லும் காரணம் வேடிக்கையானது. கைகாக்ஸின் கிரேஹாக் உலகத்தில் வெடிமருந்து வெடிக்கவே வெடிக்காது. விதிவிலக்கு மர்லிண்ட் என்ற ஒருவர்; கைகாக்ஸின் நண்பர் டான் கேயின் பாத்திரம், இரண்டு ரிவால்வர்களோடு சுற்றும் கௌபாய். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் சாதாரண வெடிமருந்துக்குப் பதிலாக 'ஸ்மோக்பவுடர்' என்று ஒரு மந்திரப் பொடி. துப்பாக்கி வேணும், ஆனா கரியும் கந்தகமும் வெடியுப்பும் வேணாம்! மூன்று பொருளைச் சரியான அளவில் அரைத்தால் யாருக்கும் கிடைக்கும் ஒன்றை, மந்திரம் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் ஒன்றாக மாற்றிவிட்டார்கள். துப்பாக்கியின் சத்தத்தையோ புகையையோ பார்த்து இந்த உலகங்கள் பயப்படவில்லை. அதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்பதில்தான் அவற்றுக்குச் சிக்கல்.

எது மந்திரமில்லாதது?

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஆர்தர் கிளார்க்கின் மூன்றாம் விதியை எடுத்துப் போடுவார்கள்: போதிய அளவு முன்னேறிய தொழில்நுட்பத்தை மந்திரத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்பது. ரொம்பச் சரி. ஆனால் அது பார்க்கிறவரைப் பற்றிய விதி. பொருளைப் பற்றியது இல்லை. பிரித்தறிய முடியவில்லை என்பது அந்த ஆளின் இன்றைய நிலை. நாளைக்கு அவர் பிரித்தறியலாம். ஆர்.பி.ஜி. செட்டிங்குகள் அந்த நிலையை உலகத்தின் நிரந்தரச் சட்டமாக ஆக்கிவிட்டன.

அதனால் நான் வைக்கும் அளவுகோல் மூன்று கேள்விகள்தான். ஒன்று, கெட்டுப்போனால் யாராவது சரிபண்ண முடியுமா? இரண்டு, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? மூன்று, அது ஊருக்குள் வந்ததால் எதன் விலையாவது மாறுமா? ஒரு சைக்கிளுக்கு இந்த மூன்றுக்கும் பதில் "ஆமாம்". தொழில்நுட்பம் என்றால் பொருள் மட்டும் இல்லை. பட்டறை, உதிரிபாகம், வேலை பழகுகிற பையன், கடன் சொல்லி வாங்குகிறவர் எல்லாம் சேர்ந்ததுதான்.

இப்போது டி அண்ட் டி மந்திரவாதியை இதே கேள்விகளின் முன் நிறுத்துங்கள். அவர் இன்னொருவரின் மந்திரப் புத்தகத்திலிருந்து தன் புத்தகத்துக்கு மந்திரத்தை எழுதிக்கொள்ளலாம். ஐந்தாம் பதிப்பில் அதற்கு மந்திரத்தின் ஒவ்வொரு நிலைக்கும் 2 மணி நேரமும் 50 பொற்காசும் ஆகும். பள்ளி இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது, செலவுக் கணக்கு இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று அளவு இருக்கிறது. அதே உலகத்தில் கிடைக்கும் லேசர் துப்பாக்கிக்கு இதில் ஒன்றுமே இல்லை. எங்கிருந்து வந்ததென்று தெரியாது, எப்படி வேலை செய்கிறதென்று தெரியாது, தீர்ந்தால் தீர்ந்தது.

அதாவது இந்த உலகங்களில் மந்திரம்தான் தொழில்நுட்பம்போல நடந்துகொள்கிறது. தொழில்நுட்பம் மந்திரம்போல நடந்துகொள்கிறது. வேடம் மாறிவிட்டது. இதைத் தெரிந்தே செய்த செட்டிங் கீத் பேக்கரின் எபெரான் (2004). அங்கே மின்னல் ரயில் ஓடுகிறது, வான்கப்பல் பறக்கிறது, அவற்றைக் கட்டி ஓட்டும் வணிகக் குடும்பங்கள் இருக்கின்றன, எல்லாம் மந்திரத்தில். என் மூன்று கேள்விகளுக்கும் எபெரானின் மந்திரம் "ஆமாம்" சொல்லும். அதில் எனக்குப் புகார் இல்லை. என் புகார், நிஜமான இயந்திரத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டு அதற்கு இந்த மரியாதைகூடக் கொடுக்காத செட்டிங்குகள் மேல்.

பேரியர் பீக்ஸ்: வண்ண அட்டைகள்

பேரியர் பீக்ஸை நான் குறை சொல்லப் போகிறேன். அதற்கு முன் அது எதைச் சாதித்தது என்று சொல்லணும். கூடவே ஒரு படப்புத்தகம் வரும். ஜி.எம். ஒரு பொருளின் பெயரைச் சொல்லாமல் படத்தைக் காட்டுவார். "கைப்பிடிபோல ஒன்று, முனையில் கண்ணாடி" என்கிற மாதிரி. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது என்னவென்று ஊகம் ஓடும். அவருடைய பாத்திரத்துக்குத் தெரியக் கூடாது. இந்த இழுபறியில்தான் அந்தச் சாகசத்தின் சுவை.

அதைவிட எனக்குப் பிடித்தது வண்ண அட்டைகள். கப்பலின் கதவுகள் குறிப்பிட்ட நிற அட்டைக்குத்தான் திறக்கும். எந்த அட்டை எங்கே செல்லும் என்று சோதித்துப் பார்க்கப் பார்க்க, அந்தக் கப்பலில் யாருக்கு எங்கே அனுமதி இருந்தது, யாருக்கு இல்லை என்று ஒரு சமூகமே தெரிய ஆரம்பிக்கும். செத்துப்போனவர்களின் அதிகார வரிசையை அவர்களுடைய கதவுகளிலிருந்து படிக்கிறோம். இங்கே கற்றல் நடக்கிறது. தெரிந்தவர் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்ல முடிகிறது. என் இரண்டாவது கேள்விக்கு இதில் "ஆமாம்" உண்டு.

ஆனால் பொருட்களுக்கு வரும்போது? இயக்கிப் பார்க்க ஒரு கட்டப் படம் கொடுக்கிறார்கள். பகடை உருட்டி ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போகணும். ஒரு வழியில் போனால் கற்றுக்கொள்வோம், இன்னொரு வழியில் போனால் காயம். தடுமாறுவதைச் சுற்றிச்சுற்றி வரும் பாதையாகக் காட்டியது நல்ல யோசனைதான். ஆனால் நாம் யோசித்து என்ன செய்தோம் என்பதற்கு அந்தப் படத்தில் வேலை கிடையாது. கற்றுக்கொண்ட பிறகும் கையில் மிஞ்சுவது சக்தித் தட்டு தீரும்வரை சுடும் ஒரு ஆயுதம். தீர்ந்த அன்று அது சுவரில் மாட்டும் அலங்காரம். கப்பலில் இருந்தவர்கள் கொள்ளைநோயில் எப்போதோ செத்துவிட்டார்கள். கேட்க ஆளில்லை.

34 வருடம் கழித்து, 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஜி.எம். கையேட்டில் வேற்றுத் தொழில்நுட்பம் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அங்கே படமும் இல்லை, பாதையும் இல்லை. எளிய பொருள் என்றால் அறிவுத்திறன் பகடையில் இரண்டு வெற்றி, சிக்கலான பொருள் என்றால் நாலு வெற்றி. 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி, கீழே விழுந்தால் தோல்வி. முடிஞ்சுது. சிகரெட் லைட்டரும் கம்ப்யூட்டரும் எத்தனை வெற்றி என்ற எண்ணிக்கையில் மட்டுமே வேறுபடுகின்றன. வேகமாக நடக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பொருளைப் புரிந்துகொள்வது என்பதைப் பூட்டு உடைப்பதற்குச் சமமாக ஆக்கிவிட்டார்கள்.

நுமேரியா: ஆயிரக்கணக்கான வருடத்தில் ஒரு கொல்லர்கூடவா?

பாத்ஃபைண்டர் விளையாட்டின் கொலாரியன் உலகத்தில் நுமேரியா என்று ஒரு நாடு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரம்மாண்ட விண்கப்பல் உடைந்து அந்த நிலமெங்கும் விழுந்திருக்கிறது. 2014–15இல் வந்த 'அயர்ன் காட்ஸ்' தொடர் சாகசமும், கூடவே வந்த 'டெக்னாலஜி கைட்' நூலும்தான் இந்த விஷயத்தில் இதுவரை நடந்த பெரிய முயற்சிகளில் ஒன்று.

இதில் இரண்டு அருமையான யோசனைகள். முதலாவது டெக்னிக் லீக். மந்திரம் தெரிந்த ஒரு கூட்டம் இயந்திரங்களைப் பதுக்கி வைத்துக்கொண்டு, அந்த அறிவை யாருக்கும் கொடுக்காமல், நாட்டை ஆளும் போர்த்தலைவனைக் கப்பலிலிருந்து கசியும் போதைத் திரவத்தால் கைக்குள் வைத்திருக்கிறது. தொழில்நுட்பம் பரவாததற்கு இயற்கை விதியைக் காரணம் சொல்லாமல் ஆட்களைக் காரணம் சொல்கிறது இந்த செட்டிங். இது நேர்மை.

இரண்டாவது டார்ச் என்ற ஊர். அங்கே ஒரு குன்றின் உச்சியில் ஊதா நிறத்தில் ஒரு தீ எரிகிறது. விண்ணிலிருந்து விழுந்த கடினமான உலோகங்களை உருக்கும் அளவுக்கு வெப்பம். அந்தத் தீயை நம்பித்தான் ஊரே பிழைக்கிறது. கொல்லர்கள் வருகிறார்கள், வரி வசூலாகிறது. சாகசம் தொடங்கும்போது தீ அணைந்துவிட்டது. என் மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் எந்தச் சாகசத்திலும் பார்த்ததில்லை. இங்கே இயந்திரம் என்பது ஊர்க்காரரின் சோறு.

ஆனால் விதிநூலைத் திறந்தால் மறுபடி பிணம்தான். கிடைக்கும் பொருட்களில் பெரும்பாலானவை 'காலத்தால் தேய்ந்தவை'. சார்ஜ் தீர்ந்தால் திரும்ப ஏற்ற முடியாது, நடுவில் கோளாறு வரும், கோளாறுக்குத் தனி அட்டவணை. புதிதாகச் செய்யத் திறன்கள் இருக்கின்றன. ஆனால் அதற்குக் கப்பல் காலத்து ஆய்வுக்கூடம் ஒன்று மின்சாரத்தோடு கிடைக்கணும். அதாவது பிணத்துக்குள்ளே உட்கார்ந்துதான் வேலை செய்ய முடியும். இயந்திரத்தோடு பழக 'டெக்னாலஜிஸ்ட்' என்ற தனித்தகுதி வேண்டும். அது இல்லாதவர் தன் தொழிலில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இயந்திரத்தின் முன் ஒன்றும் தெரியாதவர்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஆயிரக்கணக்கான வருடம் ஒரு மக்கள் கூட்டம் இந்த இரும்புக்கு நடுவில் வாழ்ந்திருக்கிறது. ஒரு கொல்லர்கூட ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்க்கவில்லையா? ஒரு பாட்டிகூட, "இந்த விளக்கு எரியணும்னா இந்தக் கம்பியைத் துடைக்கணும்" என்று பேத்திக்குச் சொல்லவில்லையா? செட்டிங் அவர்களை இயந்திரத்துக்கு அஞ்சுகிற பழங்குடிகளாக வரைகிறது. காட்டுமிராண்டி துப்பாக்கியைப் பார்த்து மிரண்டு மண்டியிடுகிறான் என்பது காலனிய சாகசக் கதைகளில் அடிக்கடி வரும் காட்சி. அந்தக் காட்சியை நீட்டி ஒரு நாடாக ஆக்கினால் நுமேரியா மாதிரிதான் வரும்.

டானெகாஷிமாவில் நடந்தது

உண்மையில் அந்தக் காட்சி எப்படி நடந்தது? ஒரு உதாரணம் சொல்கிறேன். 1543இல் ஜப்பானின் தெற்கே டானெகாஷிமா தீவில் ஒரு சீனக் கப்பல் ஒதுங்கியது. அதில் போர்ச்சுகீசியர்கள் இருந்தார்கள், அவர்களிடம் திரித் துப்பாக்கி இருந்தது. தீவின் இளம் தலைவர் டோகிடாகா இரண்டு துப்பாக்கிகளை விலைக்கு வாங்கினார். யாரும் மண்டியிடவில்லை. வாங்கியதைத் தன் வாள் கொல்லரான யாயிதா கின்பேயிடம் கொடுத்து, இதே மாதிரி செய் என்றார்.

கொல்லர் குழலை அடித்துவிட்டார். வாள் அடிக்கிற கைக்கு அது பெரிய விஷயம் இல்லை. சிக்கியது ஒரே இடத்தில்: குழலின் பின்முனையை மூடும் திருகு. மரை போட்டுத் திருகி இறுக்கும் வழக்கம் அங்கே இல்லை. பின்முனை சரியாக மூடாவிட்டால் குண்டு முன்னே போகாது, நெருப்பு சுடுகிறவர் முகத்தில் வரும். அடுத்த வருடம் வந்த கப்பலில் ஒரு வெளிநாட்டுக் கொல்லர் இருந்தார். அவரிடம் மரை போடும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். பிறகு சகாய், நெகோரோ, குனிதோமோ என்று ஊர் ஊராகத் துப்பாக்கிப் பட்டறைகள். 1575இல் நாகாஷினோ போரில் துப்பாக்கிப் படை களத்தில் பெரும் பங்கு வகித்தது.

இதை ஆர்.பி.ஜி. கண்ணோடு படித்துப் பாருங்கள். அறியாத பொருள், தெரிந்த தொழில், தெரியாத ஒரே ஒரு பாகம், அதைத் தேடி ஒரு வருடக் காத்திருப்பு, தெரிந்தவரிடம் பேரம். இதுக்கு மேல சாகசத்துக்கு என்ன வேணும்? ஐந்தாம் பதிப்பின் அட்டவணைப்படி கின்பே சில தடவை பகடை உருட்டியிருப்பார், அவ்வளவுதான். நுமேரியா விதிப்படி அவரிடம் தனித்தகுதி இல்லை, அதனால் தொடவே முடிந்திருக்காது. இரண்டிலும் அவர் வாள் கொல்லர் என்பதற்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது. நடந்த கதையிலோ அதற்குத்தான் எல்லா மதிப்பும்.

இதே கதை எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. கற்பனை உலகங்களில் 'டமாஸ்கஸ் எஃகு' சாயலில் வரும் மர்ம உலோகங்களுக்கு மூலம், தென்னிந்தியாவில் மண் மூசையில் வைத்து உருக்கிய எஃகு. ஐரோப்பியர் அதை வூட்ஸ் என்றார்கள். கன்னடத்தில் உக்கு, தமிழில் உருக்கு. அதன் கட்டிகள் லண்டனுக்குப் போனபோது, 1820 வாக்கில் அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே, ஒரு கொல்லரின் மகன். கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து அதேபோலச் செய்ய முயன்றார். அந்த முயற்சி கலப்பு எஃகு ஆராய்ச்சியின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்றானது. இங்கே "அறியாத வேற்று உலோகம்" நம்மூர்க்காரர் செய்தது. அதன் முன் விழித்துக்கொண்டு நின்றவர்கள் லண்டன்காரர்கள். அவர்களும் மண்டியிடவில்லை, உலையை மூட்டினார்கள்.

"சமநிலை கெட்டுடுமே?"

நியாயமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. பழுது பார்க்கவும் பெருக்கவும் விட்டால், ஆறு மாதத்தில் வீரர்கள் தொழிற்சாலை கட்டிவிடுவார்கள், டிராகனுக்கு மரியாதை இருக்காது, ஜி.எம். பாடு திண்டாட்டம். அதனால்தான் சார்ஜ் தீரும் துப்பாக்கி என்பார்கள்.

நாகாஷினோவை மறுபடி பாருங்கள். துப்பாக்கி வந்து 32 வருடம் ஆகியும் களத்தில் ஈட்டி இருந்தது, குதிரை இருந்தது, வாள் இருந்தது, கோட்டை இருந்தது. மழை பெய்தால் திரி அணையும். குண்டு போட்டு மருந்து இடித்து மறுபடி சுட நேரம் பிடிக்கும். வெடியுப்பு வாங்கக் காசு வேண்டும். நிஜமான தொழில்நுட்பத்துக்குத் தளைகள் நிறைய. அவை அத்தனையும் விளையாடக் கிடைக்கும் தளைகள். "இந்த உலகத்தில் வெடிக்காது" என்பதோடு எதையும் விளையாட முடியாது. "வெடியுப்பு கிடைக்கும் ஒரே குகை எதிரியின் கையில்" என்பதோடு மூன்று மாதம் விளையாடலாம்.

இன்னொரு எதிர்வாதம் மர்மம் பற்றியது. புரிந்துவிட்டால் வியப்பு போய்விடும் என்பது. மான்டி குக்கின் 'நூமெனெரா' (2013) இந்த வாதத்தின் சிறந்த வடிவம். நூறு கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய பூமி. எட்டு மாபெரும் நாகரிகங்கள் வந்து போய்விட்டன. மிச்சங்களை யாருக்கும் முழுசாகப் புரியாது. 'சைஃபர்' என்ற ஒருமுறைப் பொருட்கள்தான் விளையாட்டின் உயிர்: கிடைக்கும், ஒரு தடவை பயன்படுத்துவோம், போய்விடும். கொன்றதற்கு இல்லாமல் கண்டுபிடித்ததற்கு அனுபவப் புள்ளி கொடுத்தது நல்ல மாற்றம். ஆனால் கண்டுபிடித்தது நிலைக்கவில்லை. இன்று கண்டதை நாளைக்குப் பயன்படுத்த முடியாது என்றால் அது கண்டுபிடிப்பா, கண்காட்சியா?

சுவாரஸ்யம் என்னவென்றால் இந்தக் குறையை நூமெனெராவே சரிசெய்துகொண்டது. 2018இல் வந்த 'நூமெனெரா டெஸ்டினி' நூலில் 'ரைட்' என்று ஒரு பாத்திர வகை, அதாவது செய்கிறவர். இடிபாடுகளிலிருந்து பாகங்களைப் பிரித்தெடுத்து, வரைபடம் வைத்து, பொருள் செய்யலாம்; ஒரு ஊரையே வளர்க்கலாம். வியப்பு ஒன்றும் போகவில்லை. "இது என்ன?" என்ற வியப்பு, "இதை வெச்சு நம்ம ஊருக்குத் தண்ணி கொண்டுவர முடியுமா?" என்ற வியப்பாக மாறியது. இரண்டாவதுக்குத்தான் ஆயுள் அதிகம்.

டெக்குமெலின் தோல் கவசம்

கடைசியாக டெக்குமெலுக்குத் திரும்புகிறேன். பார்க்கர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியப் படிப்புகள் கற்பித்த உருதுப் பேராசிரியர். 1991இல் புனைபெயரில் அவர் ஒரு நாஜி ஆதரவு நாவல் எழுதியிருக்கிறார் என்பதை, அவருடைய படைப்பைப் பராமரிக்கும் அறக்கட்டளையே 2022இல் உறுதி செய்தது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி இனி எழுதக் கூடாது. அவருடைய உலகத்தில் இருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

டெக்குமெலிலும் பிணங்கள் உண்டு. முன்னோர் விட்டுப்போன 'கண்கள்' என்ற கருவிகள், தரைக்கடியில் ஓடும் குழாய்வழி வண்டிகள். ரசிகர்கள் அவற்றைத்தான் பேசுவார்கள். ஆனால் அந்தக் கிரகத்தில் இரும்பு அரிது. அதனால் மக்கள் க்ளேன் என்ற பெரிய விலங்கின் தோலை உரித்து, பதப்படுத்தி, உலோகம்போல இறுக்கி வாளும் கவசமும் செய்கிறார்கள். இதை யாரும் "உயர் தொழில்நுட்பம்" என்று குறிப்பதில்லை. ஆனால் இரும்பு தாராளமாகக் கிடைக்கும் உலகத்திலிருந்து வருகிற ஒருவருக்கு அதுதான் புரியாத வித்தை. மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பழுது பார்க்கலாம், கற்றுக்கொடுக்கலாம், விலை உண்டு. டெக்குமெலில் உயிரோடு இருக்கும் தொழில்நுட்பம் அந்தத் தோல்தான்.

ஜி.எம்.களுக்கு என் யோசனை ரொம்பச் சாதாரணமானது. அடுத்த தடவை உங்கள் உலகத்தில் ஒரு லேசர் துப்பாக்கி கிடைத்தால், அதில் எத்தனை சார்ஜ் என்று எழுதுவதற்கு முன் ஊருக்குள் ஒரு ஆளை எழுதுங்கள். கண்ணாடி வில்லை தேய்க்கிறவர், மணி வார்க்கிறவர், பூட்டு செய்கிறவர், யாராவது. அந்தப் பொருளில் அவருக்குப் புரியும் பாகம் எது, புரியாத பாகம் எது என்று ஒரு வரி. புரியாததை அறிந்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று இன்னொரு வரி. அது சரியாகிவிட்டால் சந்தையில் யாருக்கு நஷ்டம் என்று மூன்றாவது வரி. நஷ்டப்படுகிறவர் சும்மா இருக்க மாட்டார். வில்லன் தானாகக் கிடைப்பார்.

சார்ஜ் எத்தனை என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அந்த எண் தேவைப்படாது.